காணொளிக்கு முதலிடம்

எங்கள் குடியிருப்பின் இணைய நெரிசலைக் குறைக்கும் திட்டத்தை மாலை வகுப்புக்காக நான்தான் எழுதினேன். ஆம்புலன்ஸ் அழைப்புக்கும் காணொளிக்கும் முதலிடம், கதவுகளுக்குக் கடைசி இடம். கதவுகளும் இணையத்தில்தான் திறக்கும் என்றாலும், மாலையில் யாரும் வெளியே போவதில்லை என்று கணக்கிட்டிருந்தேன். மூன்று முறை சரிபார்த்தேன். நான்காவது முறையும் பார்த்திருக்க வேண்டுமோ என்னவோ. வகுப்பு எடுக்கும் சார் அதை அப்படியே குடியிருப்பின் ரவுட்டரில் ஏற்றிவிட்டார்.

இன்று ஆறரைக்கு, எல்லா வீட்டிலும் இணையத்தில் கிரிக்கெட் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தபோது, இலக்கியா அண்ணிக்குப் பிரசவ வலி எடுத்தது. ஆம்புலன்ஸ் நான்கே நிமிடத்தில் வந்தது. எங்கள் கதவுதான் திறக்கவில்லை. "உங்களுக்கு முன் 412 கோரிக்கைகள்" என்று அதன் திரை காட்டியது.

"என்னத்தப் படிச்சுக் கிழிச்ச நீ?" அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"இரும்புக் கதவும்மா, உடைக்க முடியாது," என்றார் வெளியே நின்ற நர்ஸ்.

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "மேட்ச்ச நிறுத்துங்க! கதவு திறக்கணும்!"

"கடைசி ஓவர்மா, கொஞ்சம் பொறுத்துக்க!" என்றது மேல்மாடிக் குரல்.

மறுபடியும் கத்தினேன். கத்துவது யாரென்று பார்க்க எல்லா வீட்டிலும் வளாகக் கேமராவைத் திறந்தார்கள். அதுவும் காணொளிதான். கதவுத் திரையில் 412, 690 ஆனது.