ஜாலி மோடு

கோவையில் தரணிதரன் இரண்டு வருடமாகக் கார் பந்தய விளையாட்டை 'ஜாலி' மோடில்தான் ஆடிவந்தான். அந்த மோடில், ஆடும்போது தலையில் மாட்டும் ஹெல்மெட்டே மூளையிலிருந்து பயத்தை எடுத்துவிடும். சுவரில் மோதினாலும் சிரிப்புதான் வரும். நாளாக நாளாக, ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகும் அவனுக்குப் பயம் வரவில்லை.

அவன் மனைவி இலக்கியாவுக்கு அது குன்னூர் மலைப்பாதையில்தான் தெரிந்தது. வளைவில் எதிரே லாரி வந்தபோது அவன் பிரேக்கைத் தொடவே இல்லை. லாரிக்காரர் சட்டென்று ஒடித்துத் திருப்பியதால் பிழைத்தார்கள். பின்சீட்டில் குழந்தை வீறிட்டது. அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, வண்டிய நிறுத்துங்க! நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!"

"எதுக்கு இப்படிக் கத்தறே? ஒண்ணும் ஆகலையே."

அவன் வண்டியை ஓரங்கட்டியதும் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, குழந்தையோடு அவனையும் பஸ்ஸில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

போன பயம் திரும்பிவர, அதே விளையாட்டை 'ரியல்' மோடில் ஆடவைக்கச் சொன்னார், அவள் கூட்டிப்போய்க் காட்டிய டாக்டர். அதில் வலியும் உண்டு, பயமும் உண்டு. பத்து நாள் ஆடினான். ஒவ்வொரு முறையும் மோதி, வலியில் முனகி, சிரித்தபடியே எழுந்தான். இனி இவன் இப்படித்தானோ என்று அவள் கவலைப்பட்டாள்.

பதினோராம் நாள் அறைக்குள்ளிருந்து அலறல் கேட்டு ஓடினாள். ஹெல்மெட்டைத் தூக்கியெறிந்துவிட்டு, வேர்த்து விறுவிறுத்துத் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"பாப்பா எங்கே? அன்னைக்குப் பாப்பா பின்னாடி இருந்தாளே, இலக்கியா! நான் பிரேக்கே போடலையே!"

"இங்கதாங்க இருக்கா. தூங்கறா."

அவன் கை வெடவெடவென்று நடுங்கியது. அதை இறுகப் பிடித்துக்கொண்டாள். நடுக்கம் மெல்லக் குறைந்தபோது, முழுவதும் நின்றுவிடக் கூடாதே என்று அவளுக்குப் பயமாக இருந்தது.