இடது கண்ணுக்கு மை

"மையில உலோகத்தூள் இருக்கும், எம்ஆர்ஐ படம் கெட்டுரும். சுத்தமா தொடச்சிருங்கம்மா" என்றாள் நர்ஸ்.

சுகந்தி மகளின் கண்களைத் துடைத்தாள். போட்டோக்களில் ஆதிரையின் இடது கண் மட்டும் பூனைக்கண்ணாக மின்னத் தொடங்கியபோது எல்லோரும் அழகு என்றார்கள். திருஷ்டி பட்டுவிடக் கூடாதென்று அந்தக் கண்ணுக்கு மையை அழுத்தித் தீட்டினாளே தவிர, டாக்டரிடம் காட்டத் தோன்றவில்லை.

மாலையில் டாக்டர் படத்தைக் காட்டினார். "புற்றுக்கட்டி கண்ணோட நிக்கலம்மா. நரம்பு வழியா மூளைக்குள்ள போயிருச்சு. இனி கண்ணை எடுத்தாலும்..." என்று நிறுத்திக்கொண்டார்.

வெளியே பெஞ்சில், ஸ்கேனுக்காகக் கொடுத்த மயக்கம் தெளிந்த ஆதிரை அம்மாவின் பையைத் துழாவி மை டப்பாவை எடுத்து நீட்டினாள். இடது கண்ணை அகல விரித்து முகத்தை நிமிர்த்திக்கொண்டாள்.

"ஆடாம இருக்கேன், போடும்மா."