பக்கத்து வீட்டுக்காரி

"மாமா" என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது.

அவள் அதை விழுங்கிக்கொண்டு தண்ணீர் பாட்டிலை மட்டும் நீட்டினாள்.

கட்டிலில் கிடந்தவர் வாங்கவில்லை. ஆபரேஷன் முடிகிறவரை சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று நர்ஸ் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவளுக்குத்தான் மறந்துவிட்டது. இந்த ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அவளுக்கு எதுதான் நினைவில் நிற்கிறது?

ஒன்று மட்டும் நிற்கிறது. இங்கே அவள் அவருடைய பெண்டாட்டி இல்லை. பக்கத்து வீட்டுக்காரி.

சொல்லிக்கொடுத்தது அவர்கள் ஊர்க் கம்ப்யூட்டர் சென்டர்காரன். அவள் புருஷனுக்குச் சின்ன வயதிலேயே போலியோவில் இரண்டு கால்களும் சூம்பிப்போயின. மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு எழுதிப்போடப் போனபோது, ஆதரிக்க ஆள் இல்லாதவர் என்று இருந்தால்தான் பணம் வரும் என்று சொல்லி, ரேஷன் அட்டையைப் பிரித்துக் கொடுத்ததும் அவன்தான்.

ஒரே அடுப்பு. ஒரே பாய். இரண்டு அட்டை.

பணம் மாதாமாதம் வந்தது. பின்னால் காப்பீட்டு அட்டையும் அவரைத் தனி ஆளாகக் காட்டியே வந்தது. அதற்கப்புறம் இருவரும் அதை நினைக்கவே இல்லை.

இப்போது இருதயத்தில் ஒரு வால்வு கெட்டுவிட்டது. மாற்றாவிட்டால் தாங்கமாட்டார் என்றார் டாக்டர். காப்பீட்டில் செய்தால் இலவசம். காசு கட்டிச் செய்வதென்றால், விற்பதற்கு அவர்களிடம் ஒரு தையல் மெஷின் இருக்கிறது.

"சம்சாரம்னு மட்டும் வாயத் தொறந்துராதீங்கக்கா," என்றான் சென்டர்காரன். "ஆளே இல்லீன்னு எழுதிப்போட்டுட்டு, பக்கத்துல சம்சாரம் வந்து நின்னா அட்டையே ரத்தாயிரும். பக்கத்து வீடுன்னு சொல்லுங்க."

அவன் சொன்னது சரியா, தப்பா? யாரையாவது கேட்கலாம் என்றால், கேட்பதே காட்டிக்கொடுத்துவிடுமே. அவள் கேட்கவில்லை.

நல்லவேளை, தாலியை மறைக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்கும் புருஷன் இருப்பான்தானே. தொல்லையெல்லாம் இந்தப் பாழாய்ப்போன வாயால்தான்.

வந்த அன்றைக்கே அது வேலையைக் காட்டிவிட்டது. காப்பீட்டுக் கவுண்டரில் இருந்த பெண் கைரேகை மெஷினை அவர் பக்கம் நகர்த்தியபோது, இவள் குனிந்து, "மாமா, கட்டவெரல நல்லா அழுத்துங்க," என்றாள்.

அந்தப் பெண் தலை நிமிர்ந்தாள்.

"மாமாவா? பக்கத்து வீடுன்னீங்க?"

மாமா என்ற சொல்லுக்கு எந்த ஊரில் ஒரே அர்த்தம்? தாய்மாமனும் மாமா, மாமனாரும் மாமா, எதிர்வீட்டுப் பெரியவரும் மாமா. எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். அவள் அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள்.

"அண்ணான்னு சொல்ல வந்தேனுங்க. வாய் தவறிப்போச்சு."

அண்ணாவாம். கட்டிய புருஷனை!

சக்கர நாற்காலியில் இருந்தவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கவுண்டர் பெண் நல்லவள்தான். அதுதான் வினை. வார்டுக்கு வரும்போதெல்லாம் கட்டிலருகே நின்று, "அண்ணா சாப்ட்டாருங்களாக்கா?" என்று விசாரித்தாள். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவரைக் கூப்பிட வேண்டிய நேரத்தில் கட்டிலைத் தட்டினாள், இருமினாள், தட்டை நகர்த்திச் சத்தம் செய்தாள். மாமா என்று கூப்பிடப் பயம். அண்ணா என்று கூப்பிட நாக்குக் கூசியது.

அவருக்கு இந்தச் சங்கடம் கிடையாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளை அம்மிணி என்றுதான் கூப்பிடுவார். கோயம்புத்தூர்ப் பக்கத்தில் மகளும் அம்மிணி, மருமகளும் அம்மிணி, பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிற பெண்ணும் அம்மிணி. யார் என்ன சொல்லிவிட முடியும்?

ஸ்ட்ரெச்சர் வந்தது.

"நாச்சிமுத்து கூட யாரு?" என்றார் தள்ளிக்கொண்டு வந்தவர்.

யார்?

அவள் கையை மட்டும் தூக்கினாள்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கவுண்டர் பெண் செல்போனோடு நின்றிருந்தாள். உள்ளே போகுமுன் காப்பீட்டுக்கு ஒரு போட்டோ வேண்டுமாம். எடுத்தாள். எடுத்த பிறகும் போகவில்லை.

"தைரியம் சொல்லி அனுப்புங்கக்கா."

அவர் அண்ணாந்து அவளைப் பார்த்தார். உதடு வெளுத்திருந்தது. இப்படியே போய்விட்டால் அவள் என்ன செய்வாள்? கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி கையைப் பிடிப்பாளா? பிடித்தால் தப்பாகத் தெரியுமா? அவளுக்குத் தெரியவில்லை. பிடிக்கவில்லை.

ஆனால் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"பயப்படாதீங்க அண்ணா."

சொல்லிவிட்டாள். உடம்பெல்லாம் கூசியது.

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது.

"சரி தங்கச்சி," என்றார் அவர்.

கதவு சாத்திக்கொண்டது.

தங்கச்சியா?

அம்மிணி என்றே சொல்லியிருக்கலாமே. ஒருத்தருக்கும் சந்தேகம் வந்திருக்காது. வேண்டுமென்றேதான் சொல்லியிருக்கிறார். கேலி செய்தாரா? அவருக்கு அந்தக் குசும்பு உண்டு. இல்லை, மனசு விட்டுப்போய்ச் சொன்னாரா?

முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அவர் அதைச் சொன்ன நேரத்தில் அவள் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நம்பிவிட்டாளா என்று.