யார் போட்ட சீட்டு?

ராஜபாளையம் சபைக்குப் போன மாதம்தான் செயலாளராக வந்திருந்த எட்வின், ஜெபப் பெட்டியில் கிடந்த ஒரு சீட்டைப் போதகர் ஆசீர்வாதத்திடம் கோபத்தோடு நீட்டினார்.

“யாரோ பேரு போடாம எழுதிப் போட்டிருக்காங்க. படிச்சுப் பாருங்கய்யா.”

‘ஆண்டவரே, ரெண்டு வருசமா கூப்பிடுதேன். காது கேக்கலையா? அவ படுக்கையை விட்டு எந்திரிக்க நான் இன்னும் எம்புட்டு நாள் அழணும்? உம்மை நம்புனது என் தப்பா?’

“இதுல என்ன இருக்கு? தாவீது ராசாவும் இப்படித்தான் கேட்டாரு” என்றார் போதகர்.

“அவரு ராசா. கடவுளைக் கேள்வி கேக்க இவன் யாரு? ஆளைக் கண்டுபிடிச்சு, திருவிருந்து கிடையாதுன்னு சொல்லிரணும்.”

“எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“கையெழுத்தை வச்சுத்தான்.”

போதகர் பீரோவைத் திறந்து ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

எட்வின் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புரட்டினார். முதல் பக்கத்திலேயே அதே சாய்ந்த எழுத்து. அடுத்த பக்கத்திலும் அதேதான். பதினைந்து வருடமாக அந்தப் பதிவேட்டை எழுதிவருவது ஒரே ஆள். எட்வின் மெல்லத் தலையைத் தூக்கினார்.

“வார ஞாயித்துக்கிழமை திருவிருந்து குடுக்க வேற ஆளு பாக்கணுமே” என்றார் போதகர், சிரிக்காமல்.

எட்வின் பதிவேட்டை மூடினார். “உங்க வீட்டம்மாவுக்கு இன்னும் சரியாகலையாய்யா?”

“இல்ல.”

“ஆனாலும், நீங்களே இப்படி...”

“அவருகிட்டதான சண்டை போட முடியும், எட்வின்?”

போதகர் சீட்டை வாங்கி மடித்துத் திரும்பவும் பெட்டிக்குள் போட்டார்.

“பதில் வார வரைக்கும் இது உள்ளேயே கிடக்கட்டும்.”