பத்தடி தள்ளி

“நீங்களே போய்ச் சொல்லுங்க. ஆம்பள சொன்னா கேட்டுக்குவாரு.”

லோகேஸ்வரி சொன்னதும், ரொட்டி மாவிலிருந்து கையை எடுக்காமலே தலையை ஆட்டினான் மகேந்திரன். “நான் மாட்டேன்லா. எங்கப்பாவே அவருகிட்ட நிமிந்து பேசுனது கிடையாது. அந்த மீசையப் பாத்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்குது.”

மலேசியாவின் ரந்தாவ் சாலையோரத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாக நடத்தும் ஒட்டுக்கடை அது. சாப்பாட்டுக் கடைகளில் புகை பிடிக்கக்கூடாது என்று சட்டம் வந்ததிலிருந்து பாதி மேசைகள் காலி. முன்பெல்லாம் லோரிக்காரர்கள் ஒரு தேத்தண்ணி வாங்கிக்கொண்டு, சிகரெட் பெட்டி தீரும்வரை உட்கார்ந்து, நடுவில் ரொட்டியும் தின்பார்கள். இப்போது பொட்டலம் கட்டச் சொல்லிவிட்டு வண்டியை அணைப்பதுகூட இல்லை. உதவிக்கு இருந்த தாயம்மாவையும் நிறுத்தியாகிவிட்டது.

போதாததற்கு நேற்று சுகாதார அதிகாரி வந்து, மூலை மேசையடியில் கிடந்த சுருட்டுத் துண்டைக் காட்டிவிட்டுப் போயிருந்தார். “அவரப் பத்தி எனக்கும் தெரியும்க்கா. ஆனா அடுத்த தடவை இங்க புகையைப் பாத்தா சம்மன்தான். கடைய மூடச் சொன்னாலும் சொல்லுவாங்க.”

“பேசாம அந்தச் சுருட்டக் குடுக்கறத நிறுத்திடேன்” என்றான் மகேந்திரன்.

“நிறுத்திட்டு? அவருக்குக் கோபம் வந்தா நீங்க தாங்குவீங்களா?”

“தெனமும் நீயே பத்தவச்சுக் குடுத்துக் கெடுத்து வச்சிருக்க.”

“உங்கப்பா பழக்குனது. என்னையச் சொல்லாதீங்க.”

வெளியே, சட்டம் சொல்லும் பத்தடி எல்லைக்கு வரைந்த மஞ்சள் கோட்டுக்கு அப்பால் வெயிலில் நின்று புகைத்துக்கொண்டிருந்த லோரி டிரைவர் தங்கராஜு குரல் கொடுத்தான். “அவரு மட்டும் உள்ள ஜம்முனு உக்காந்து புகைய விடலாம், நான் இங்க கருவாடாக் காயணுமா? அவரு என்னைக்காச்சும் ஒரு தேத்தண்ணிக்குக் காசு குடுத்திருக்காராக்கா?”

“வாய மூடு தங்கராஜு! அவரு காதுல விழும்.”

“விழட்டும். நான் நாளையிலேருந்து லிங்கி ரோட்டுக் கடைக்குப் போறேன். அங்க சட்டம்னா எல்லாருக்கும் ஒன்னுதான்.”

லோகேஸ்வரி காலி மேசைகளைப் பார்த்தாள். மிச்சமிருந்த வாடிக்கையும் போகப் போகிறது. ஆனால் அவரை எப்படி எழுப்புவது? இங்கிருந்த ரப்பர் தோட்டத்தை வெட்டி வீடுகள் கட்டியபோது, தோட்டத்து ஆட்கள் எல்லோரும் செனாவாங் பக்கம் போய்விட்டார்கள். அவர் மட்டும் அசையவில்லை. அவரை நம்பித்தான் மாமனார் இந்த இடத்தில் கடையே போட்டார். அவர் இருக்கும் தைரியத்தில்தான் இன்றைக்கும் பூட்டில்லாத கடைக்குள் சாமான்களை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

கையைத் துடைத்துக்கொண்டு அவளே மூலைக்குப் போனாள்.

“அய்யா, உங்கள ஒரேயடியாப் போகச் சொல்லல. பத்தடிதான். அந்த ரம்புத்தான் மரத்தடிக்கு வந்துருங்க. தகரம் போட்டு நிழல் பண்ணித் தர்றேன். புகைக்கிறவங்க எல்லாம் அங்கயே வந்து நிக்கட்டும், உங்களுக்கும் பேச்சுத் துணையாச்சு. இந்தக் கடை போச்சுன்னா எங்களுக்கு வேற நாதி இல்லய்யா.”

பதிலுக்காக லோகேஸ்வரி அங்கேயே காத்திருந்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

மகேந்திரன் மாவை அப்படியே விட்டுவிட்டு அவள் பின்னால் வந்து நின்றான். தங்கராஜுகூடக் கோட்டருகே வந்து எட்டிப் பார்த்தான்.

கூரைத் தகரத்தின் அடியில் பல்லி கத்தியது.

“சரின்னுட்டாரு!” என்று லோகேஸ்வரி அழுதுகொண்டே சிரித்தாள்.

தங்கராஜு சிகரெட்டை நசுக்கிப் போட்டுச் செருப்பைக் கழற்றினான். மகேந்திரன் கைகால் கழுவி, கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, கடப்பாரையால் மீசை முனியாண்டி படத்தின் முன் நட்டிருந்த சூலத்தின் அடிமண்ணை மெல்ல நெம்பினான்.