அடையாற்றுக் கச்சேரியில் வடிவேலு சொன்னது

ராயப்பேட்டை மணிக்கூண்டருகே டிராமிலிருந்து இறங்கும்வரை, துக்கம் விசாரிக்க இரண்டு வாக்கியங்களைத் தயாராக வைத்திருந்தார் பிடில் சுந்தரராமன்.

வடிவேலு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியபோது இரண்டும் மறந்துவிட்டன.

கூடத்தில் மிருதங்கத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். படம் எடுத்துக்கொள்ள வடிவேலு ஒருநாளும் சம்மதித்ததில்லை. மாலை போட வேறு எதுவும் அகப்படவில்லை போலிருக்கிறது.

சுவரோரமாக வடிவேலுவின் மனைவி ஜானு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் அண்ணன் கபாலி, முழங்காலைக் கட்டிக்கொண்டு.

"வாங்க சாமி" என்றாள் ஜானு. அழுது தீர்ந்த குரல்.

சுந்தரராமன் பாயில் உட்கார்ந்தார். எதிரே மிருதங்கம். கச்சேரியில் உட்காரும் இடமே அமைந்துவிட்டது.

"அன்னிக்கிக் காலைல ரேஷனுக்குப் போகச் சொன்னேன். படுத்துக்கினே இருந்தாரு. சோம்பேறின்னு ஏசிட்டேன். மாரு வலின்னு ஒரு வார்த்தை சொல்லலியே. எங்கிட்டயும் சொல்லல, அண்ணங்கிட்டயும் சொல்லல." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "முந்தின நாள் அடையாத்துக் கல்யாணத்துல உங்ககூடத்தானே வாசிச்சாரு. உங்ககிட்ட எதுனா சொன்னாரா?"

கபாலி தலையைத் தூக்கினான்.

சுந்தரராமன் மிருதங்கத்தின் இடது பக்கத்தைப் பார்த்தார்.

"சொன்னார்" என்றார்.

"இன்னா சொன்னாரு?"

"ரெண்டாவது கீர்த்தனையிலேயே, இடது கை சரியில்லேன்னார். நான் பாத்துக்கறேன்னேன். பாடின பாகவதர் ஸ்வரத்துல ஓட ஆரம்பிச்சுட்டார். என்னால முடியாது, இழுத்துப் பிடியும்னார். பிடிச்சேன். பாகவதருக்குக் கோபம்."

"வலிச்சுதாமா?"

"வலின்னு சொல்லலே. கனக்கறதுன்னார்."

ஜானு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"தனி வாசிக்கறச்சே, இன்னிக்குச் சுருக்கமா முடிச்சுக்கறேன், தப்பா நெனச்சுக்காதேயும்னார். மங்களம் வந்ததும், போறும்னார்."

"பயந்தாரா சாமி?"

"இல்லேம்மா. தாளம் தப்பிடக் கூடாதேன்னுதான் கவலைப்பட்டார். தப்பலே."

ஜானு கண்ணீரோடு தலையாட்டினாள். "அதுக்குத்தான் கவலைப்படுவாரு" என்றாள். முகத்திலிருந்து ஏதோ ஒரு பாரம் இறங்கியிருந்தது. "யார்கிட்டயாவது சொல்லிட்டுத்தான் போயிருக்காரு. அது போதும்."

துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சுந்தரராமன் மிருதங்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேசாமல் எழுந்து வாசலுக்கு வந்தார்.

செருப்பு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. காலால் அதை நிமிர்த்திக்கொண்டிருக்கும்போது உள்ளே கபாலியின் குரல் கேட்டது.

"இன்னா ஜானு, மனுஷன் இந்தப் புளுகு புளுகிட்டுப் போறாரு? காஞ்சிபுரத்துல வெத்தலைப் பொட்டிக்காகச் சண்டை போட்டதுலேர்ந்து பத்து வருஷமா இவரும் மாப்பிள்ளையும் ஒரு வார்த்தை பேசினதில்லியே! எதிரெதிரா உக்காந்து வாசிக்கிறதோட சரி."

"தெரியும்ணா" என்றாள் ஜானு. "வாயாலதானே பேசிக்கல. அதனாலதான் அவரைக் கேட்டேன்."