ஒரு வரித் தாத்தா

பழைய அரசாங்கப் பதிவுகளில் இருந்த முன்னோர்கள், பதிவில் தாங்கள் சொன்ன சொற்களைக் கொண்டே, இப்போது வீட்டுக்கு வீடு குரலாக வந்து பேசினார்கள். பக்கத்து வீட்டு பிலோமினாளின் மூதாதை அருளப்பன், மொரீஷியஸ் கரும்புத் தோட்டத்தில் கலகம் செய்தவர். கோர்ட்டில் பக்கம் பக்கமாகச் சாட்சி சொன்னவர், இப்போது ஓயாமல் கதை சொன்னார். இசக்கியம்மாள் வீட்டில் தாத்தா என்று அழைக்கும் மூதாதைக்கு, மொரீஷியஸ் போன கப்பலின் பதிவில் ஒரே வரிதான். "பேரு மாடக்கண்ணு. போகச் சம்மதமுங்க." அதற்குமேல் அவர் பேசமாட்டார்.

மகள் பக்கத்து வீட்டிலேயே கிடந்தாள். வயிறெரிந்த இசக்கியம்மாள் அவளை இழுத்துவரப் போனாள்.

அருளப்பன் சொல்லிக்கொண்டிருந்தார்: "என்னைக் கட்டிவச்சு அடிச்சப்ப, கூடக் கப்பல்ல வந்த மாடக்கண்ணுதான் தண்ணி கொடுத்தான். அதுக்கு அவனுக்கும் அடி."

"அம்மா, நம்ம தாத்தா!"

"உட்காருங்கக்கா, அவரைப் பத்தி இன்னும் நிறையச் சொல்வாரு" என்றாள் பிலோமினாள்.

இசக்கியம்மாள் உட்கார்ந்தாள். சொந்தத் தாத்தாவைக் கேட்க இனி தினமும் பிலோமினாள் வீட்டுக்கு வரவேண்டும் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.